நட்டுக்கு அளவெடுத்து வாங்கிய ஸ்பேனர்

பரமத்தி வேலூர்,
வெகுதானிய வருஷம், புரட்டாசி மாதம்.

என் அன்புக்குரிய மாப்பிள்ளை காளியண்ணனுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் வேலுசாமி ஆசிகளுடன் எழுதுவது. இங்கே உங்கள் அக்காள் பெரியநாயகி சுகம், கறவை சுகம், கொடிக்காலில் வெற்றிலை சுகம், மோட்டார் இன்று காலைவரை சுகம். மேட்டூரில் நீங்களும் முத்தாயம்மாளும் குழந்தைகளும் எங்களைவிட ஒரு படி மேலாகவே சுகமாயிருக்க வேண்டும்.

நீங்களும் ஒரு பழைய மோட்டார் வண்டி வாங்கியிருப்பதாகவும், அதைச் சொந்தக் கையாலேயே பழுது பார்க்க ஆசைப்படுவதாகவும், அதற்கு எந்தெந்தக் கருவிகளை வாங்குவது என்றும் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆயுள் முழுவதையும் பள்ளிக்கூடத்தில் கழித்தவனிடம் ஒரு கேள்வி கேட்டால், பதிலுக்கு முன்னால் உதாரணம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குரு ஸ்பேனர் என்று ஒன்று இருக்கிறது. திருகினால் வாய் அகலும், மறுபடி திருகினால் குறுகும். எல்லா நட்டுக்கும் இது ஒன்றே போதும் என்பார்கள். சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்ப்பது உங்களுக்குத் தெரியும். ஐந்து வகுப்பும் அவருக்கு அடங்கியிருக்கும், ஒரு வகுப்பும் தேறாது. நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். அழுத்தும்போதெல்லாம் அதன் வாய் தளர்ந்து வழுக்கி, ஆறு மூலையோடு இருந்த நட்டை இலந்தைப்பழம் மாதிரி உருட்டிவிட்டது. ஆகையால் அந்தந்த நட்டுக்கென்று செய்த ஸ்பேனர்தான் வேண்டும் என்று முடிவு செய்து, வண்டியிலிருந்து அளவுக்கு ஒன்றாகச் சில நட்டுகளைக் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டு, சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் சின்னராஜிடம் போனேன். அவர் என்னைப் பார்த்ததும், “என்ன வாத்தியாரே, மோட்டார் வாங்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன், பஸ்ஸுல வந்து எறங்குறீங்க?” என்றார். “மோட்டாரின் நட்டெல்லாம் இங்கே இருக்கிறதப்பா, அது எப்படி வரும்?” என்று துண்டை அவிழ்த்தேன். அவர் கடையில் நின்றிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, “பொண்ணோட அளவு வளையலை எடுத்துக்கிட்டு ஆசாரிகிட்ட வர்றவங்களைப் பார்த்திருக்கேன், மோட்டாருக்கு அளவு வளையல் கொண்டாந்தவரு இவர்தான்” என்று சிரித்தார். சிரிக்கட்டும். ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரின் வாயில் பொருத்திப் பார்த்தேன். சரியான ஸ்பேனர் உட்கார்ந்தவுடன் துளிக்கூட ஆடவில்லை, இறுக்கவுமில்லை. மாப்பிள்ளை, இரண்டு இரும்புகள் இத்தனை இணக்கமாக இருப்பதைப் பார்க்கும்போது, அதைச் செய்தவன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் நன்றாயிருக்கட்டும் என்று வாழ்த்தத் தோன்றியது.

குறடு வாங்கும்போது வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பல்லுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம். மெல்லிய கம்பி அதில் நிற்காது. திருப்புளியின் நுனி, திருகாணித் தலையின் வெட்டை முழுக்க நிரப்ப வேண்டும். குறுகியிருந்தால் வெட்டைக் கிழித்துவிடும். பிடியை வியர்த்த கையால் பிடித்துப் பாருங்கள், கடையின் விசிறிக் காற்றில் காய்ந்த கையால் அல்ல. சுத்தியலைத் தூக்கினால் தலை தன் போக்கில் கீழே போக விரும்ப வேண்டும், உங்கள் மணிக்கட்டு அதை இழுக்கக்கூடாது. சந்தையில் பானை வாங்குகிறவள் சுண்டிப் பார்ப்பாளே, அப்படி ஸ்பேனரையும் சுண்டிப் பாருங்கள். நல்ல எஃகு கோயில் மணியின் தம்பி மாதிரி பேசும். சனிக்கிழமை மட்டும் கடைக்குப் போகாதீர்கள். அன்றைக்கு இரும்பு வாங்கினால் உங்கள் அக்காள் அதை வாசற்படி தாண்ட விடமாட்டாள்.

உங்கள் அக்காளிடம் இன்னொரு சட்டமும் உண்டு. இரும்பைக் கைக்குக் கை கொடுக்கக்கூடாது, கொடுத்தால் சண்டை வரும். நான் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்து ஸ்பேனர் கேட்பேன். அவள் அதைக் கொண்டுவந்து தரையில் வைப்பாள். என் கை எட்டாத இடமாகப் பார்த்து வைப்பாள். “கையில் கொடேன், பெரியநாயகி” என்றால், “கையில குடுத்துச் சண்டை வாரதுக்கு, நீங்க கொஞ்சம் நகந்துக்கறது மேலுங்க” என்பாள். அதற்குள் சண்டை வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இப்படி வருஷம் ஒன்று ஓடியும் அவள் மட்டும் வண்டியில் ஏறவில்லை. “தள்ளறதுக்கு ஆள் வெச்சுக்கிட்டுப் போற வண்டியில நான் ஏறமாட்டேனுங்க” என்றாள். அதற்கிடையில் வாழப்பாடி மண்டிக்காரர் ஒருவர் வந்து பார்த்து, வண்டியை விலைக்குக் கேட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கோ, அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவையாவது நாமக்கல் ஆஞ்சநேயர் சந்நிதி வரை போய் வர வேண்டும், அதன் பிறகு வண்டி எப்படிப் போனாலும் சரி என்று இருந்தது. விஜயதசமிக்குப் போவோம் என்று கெஞ்சினேன். கடைசியில், “வாரேனுங்க. ஆனா ஒண்ணு. வழியில நின்னுச்சுன்னா வாழப்பாடிக்காரருக்கு வித்துப்போடோணும். அப்பறம் உதாரணம் சொல்லப்படாது” என்றாள். ஒப்புக்கொண்டேன்.

ஒப்புக்கொண்டபோது பூசையை மறந்துவிட்டேன். சரஸ்வதி பூசையன்று என் புஸ்தகங்கள், அரிவாள், மண்வெட்டி, கருவிப்பெட்டி எல்லாம் சந்தனமும் குங்குமமுமாகப் படத்துக்கு முன்னால் ஏறிவிட்டன. மறுபூசை செய்யாமல் எதையும் எடுக்கக்கூடாது. நானோ விஜயதசமியன்று வெயிலுக்கு முன் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்தி, வண்டிக்கு மாலை சாத்தி, முன்னால் கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பிவிட்டேன். கருவி ஒன்றுமில்லாமல் வெறும் கையோடுதான் கிளம்பினேன். ஆனாலும் உங்கள் அக்காள் புதுச்சேலையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்ரோல் வாடைக்கு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள் என்றாலும், வாழைத்தோட்டங்களை ராணிபோல் பார்த்துக்கொண்டு வந்தாள். பரமத்திக்கு இந்தப் பக்கம், புளியமரங்களடியில், வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுபோயிற்று.

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா வெற்றிலைக் கட்டு ஏற்றிய மாட்டுவண்டியோடு எங்கள் ஊர்ச் செங்கோடன் வர வேண்டும்? “வாத்தியாரய்யா, எம்பட மாட்டுல ஒண்ணை அவுத்து உடட்டுங்களா? மாலையும் போட்டுத்தான இருக்குது, ஊர்வலமாப் போயிரலாம்” என்றான். உடனே உங்கள் அக்காள், “உங்க மாடு நேத்து வாய்க்கால்ல படுத்துக்கிச்சே, நாங்க வந்து சிரிச்சமா? போங்கண்ணா, வெத்தலை வாடுது” என்றாள். அவன் போய்விட்டான். பிறகு அவள் இறங்கி வந்து, மடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே குங்குமப் பொட்டோடு ஒரு ஸ்பேனரும் குறடும்! “விடியால நானே மறுபூசை பண்ணி எடுத்தாந்துட்டேனுங்க. பொட்டி பூராவும் எதுக்கு? எப்பவும் நீங்க கேக்கறது இது ரெண்டுந்தான?” என்று மட்கார்டின் மேல் வைத்தாள். சின்னராஜின் கடையில் நான் அத்தனை நேரம் தேர்ந்தெடுத்ததை உங்கள் அக்காள் ஒரு முடிச்சில் தேர்ந்தெடுத்துவிட்டாள் பார்த்தீர்களா!

பெட்ரோல் குழாயின் இணைப்பு நட்டில் அந்த ஸ்பேனரை வைத்தேன். ஆடவில்லை, வழுக்கவில்லை, வெண்ணெயில் விரல் வைத்ததுபோல் கழன்றது. குழாயிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. தொட்டியில் பெட்ரோல் இருந்தது, ஆகவே நடுவே தூசி அடைத்திருக்கிறது என்று கண்டுகொண்டேன். “காலு வலிக்குது, நான் ஏறி உக்காந்துக்கறேனுங்க” என்று அவள் ஏறிக்கொண்டாள். நான் குழாயில் வாயை வைத்து உயிரைக் கொடுத்து ஊதினேன். சிறிது நேரத்தில் பெட்ரோல் குபுக்கென்று வந்து என் வாயையும் மீசையையும் நனைத்தது. அந்தக் கசப்பு எனக்குத் திருப்பதி லட்டாக இருந்தது. நட்டை முடுக்கிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினேன். ஒரே சுற்றில் கிளம்பிற்று. பயந்துகொண்டே, “நின்றுவிட்டதே, பெரியநாயகி?” என்றேன். “நின்னுதுங்களா? இளைப்பாறுச்சுன்னு நெனச்சேன். ஏறுங்க” என்றாள். ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்திவிட்டு, தடையில்லாமல் வீடு வந்து சேர்ந்தோம். வாழப்பாடிக்காரருக்கு இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை, நல்ல ஸ்பேனர் ஒரு மோட்டாரையும் காப்பாற்றும், ஒரு மனிதனின் மானத்தையும் காப்பாற்றும். நட்டைக் கையோடு கொண்டுபோய் வாங்குங்கள். முத்தாயம்மாளுக்கு எங்கள் ஆசி. குழந்தைகளுக்குப் படிப்பும் பலமும் பெருகட்டும். அணைக்கட்டு ஆபீஸில் உங்களுக்கு உயர்வு வரட்டும். உங்கள் வண்டிக்கு மேடெல்லாம் பள்ளமாகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும்
வேலுசாமி

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இதை உங்கள் அக்காளிடம் படித்துக் காட்டினேன். வடைமாலை வரை கேட்டாள். பிறகு, “குழாயில தூசியெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றாள். வண்டி ஓடும்போது அவள் காலடியில் ஒரு சின்னத் திருகு சொட்டிக்கொண்டிருந்ததாம். எண்ணெய்ச் சாடியின் மூடி சரியாக இல்லாவிட்டால் இறுக்கி மூடுவதில்லையா, அதுபோல அதையும் இறுக்கி மூடிவிட்டாளாம். அதுதான் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் திருகு. வண்டி நின்றதும் சந்தேகம் வந்து, நான் ஊதும்போது ஏறி உட்கார்ந்து திறந்துவிட்டிருக்கிறாள். “அங்கேயே சொல்லியிருக்கலாமே?” என்றேன். “நானே நிறுத்திப்போட்டு நானே விக்கச் சொன்னா, ஆஞ்சநேயரு மொகத்துல எப்படிங்க முழிக்கறது? அதுவுமில்லாம, நீங்க அவ்வளவு சந்தோசமா ஊதிக்கிட்டு இருந்தீங்க” என்றாள். எனவே மேலே எழுதியதைத் தள்ளிவிடுங்கள். வண்டி நின்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள். முத்தாயம்மாள் காலடியில் என்ன இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள்.