பூஜ்யத்துக்குக் கீழே ஆறு

மக்களாட்சியைக் குளிர் ஒன்றும் செய்துவிட முடியாது. இந்தப் பேருண்மையைக் கண்டறிந்தவர் வெர்லின் டோஃப்டி. வடக்கு டகோட்டாவில் ஸ்கார்லண்ட் ஊருக்குக் கட்சித் தலைவரும் பள்ளிக்குழுத் தலைவரும் அவரே. கண்டறிந்ததோடு நிற்காமல், அதைத் துணியில் எழுதிப் பேருந்தின் பக்கவாட்டிலும் கட்டினார். ஜனவரி மாதம், புதிய அதிபர் பதவியேற்பதை நேரில் கண்டு 'வரலாற்றுக்குச் சாட்சி' ஆக நாற்பத்தோரு பேர் வாஷிங்டன் புறப்பட்டார்கள். இருபத்தேழு மணி நேரப் பயணம். முதல் நிறுத்தம் வருவதற்குள் துணி காற்றோடு போய்விட்டது. உண்மை மட்டும் நிலைத்தது.

நாற்பத்தோராவது ஆள் ஆர்டிஸ் குவாமி, ஐந்தாம் வகுப்பின் ஆசிரியை. அவளுக்கு வரலாறு வேண்டியிருக்கவில்லை. ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.

அவளுடைய வகுப்பு நடப்பது பள்ளிக்குப் பின்னால் நிற்கும் ஒரு தகரப் பெட்டி அறையில். பதினொரு ஆண்டுகளுக்கு முன் 'தற்காலிகமாக' வைத்தது. அதன் ஹீட்டர் நவம்பரில் உயிரை விட்டது. டிசம்பரில் வகுப்பில் வளர்த்த தங்கமீனும் அதே வழியில் போனது. ஆர்டிஸ் தினமும் காலை எட்டு மணிக்கு வெப்பமானியைப் பார்த்து ஏட்டில் எழுதிவைப்பாள். புது ஹீட்டருக்கு அரசு நிதி இருந்தது. விண்ணப்பத்தில் மக்களவை உறுப்பினர் டேல் ரஸ்ட்வோல்ட் மாத முடிவுக்குள் கையெழுத்திட வேண்டும், அவ்வளவுதான்.

அவருக்கு ஆறு கடிதம் எழுதினாள். ஆறுக்கும் 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று ஒரே பதில். விழாவுக்கு நுழைவுச்சீட்டு கேட்டு ஏழாவது கடிதம் எழுதினாள். நான்கே நாளில் பதில் வந்தது. சீட்டு தயார், உறுப்பினர் தம் கையாலேயே தருவார், காப்பியும் டோனட்டும் உண்டு.

பேருந்தில் வெர்லின் விழா விதிகளை வாசித்தார்.

"குடை கூடாது. பிளாஸ்க் கூடாது. மடக்கு நாற்காலி கூடாது. முதுகுப்பை கூடாது."

"வேற என்னத்தத்தான் கொண்டு போறது?" என்றார் பின்வரிசை விவசாயி ஆர்லோ.

"தேசப்பற்று. அதுக்கு அளவே சொல்லல."

ஆர்டிஸ் மெதுவாகக் கேட்டாள். "சேர்மன் சார், ஹீட்டர் விஷயமா நீங்களும் மெம்பர்கிட்ட ஒரு வார்த்தை..."

"டீச்சர், ஒவ்வொரு பிள்ளையும் நூறு வாட் சூடு தருதுன்னு பள்ளிக்குழுக் கூட்டத்துல சொன்னது யாரு? நீங்கதானே? பத்தொன்பது பிள்ளைங்க. கிட்டத்தட்ட ரெண்டு கிலோவாட்! இன்னும் பத்துப் பேரச் சேருங்க, ஹீட்டரே வேணாம். தீர்மானமே போட்டுட்டோம்."

அறிவியல் இவ்வளவு விரைவாகச் சட்டமானது ஸ்கார்லண்டில் அதுவே முதல் முறை.

வாஷிங்டனில் உறுப்பினரின் அலுவலகத்தில் வரிசை நீண்டிருந்தது. ஆர்டிஸ் தன் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டே நகர்ந்தாள். 'எங்க பிள்ளைங்க குளிர்ல நடுங்குறாங்க, தயவுசெஞ்சு கையெழுத்துப் போடுங்க.' பேருந்து ஒஹாயோவைத் தாண்டியதிலிருந்து அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆனால் டகோட்டாக்காரர்களுக்கு ஒரு நாகரிகம் உண்டு. கால் முறிந்தாலும் 'பரவாயில்லை' என்பார்கள். கூரை பனியில் இடிந்தால், 'இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்.' குறை சொல்வது அங்கே கொட்டாவியை வாய் பொத்தாமல் விடுவது மாதிரி.

"ஸ்கார்லண்டா! நம்ம ஊரு!" உறுப்பினர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பள்ளிக்கூடம் எப்படிப் போகுது டீச்சர்? குளிரு ரொம்பவோ?"

கேட்டே விட்டார். ஏழு கடிதமும் ஆயிரத்தைந்நூறு மைலும் இந்தக் கேள்விக்காகத்தான். ஆர்டிஸ் வாயைத் திறந்தாள்.

"பரவாயில்லைங்க. இதைவிட மோசமாவும் இருந்திருக்கலாம்."

சொன்னது தன் வாய்தானா என்று அவளே திகைத்தாள்.

"அதான் நம்ம ஜனம்!" உறுப்பினர் நெகிழ்ந்தார். அவள் பதறி விண்ணப்பத்தை நீட்டினாள். காலையிலிருந்து நானூறு சீட்டுகளில் கையெழுத்திட்ட கை அவருடையது. தானாகவே அடுத்த சீட்டுக்குப் போனது. 'ஆர்டிஸுக்கு: கதகதப்பாக இருங்கள்! டேல்.' கேமரா மின்னியது.

"சார், அது இல்ல, இதுல..."

"அடுத்தவங்க வாங்க," என்றார் உதவியாளர். "விண்ணப்பமெல்லாம் இப்போ முடியாதும்மா. நாளைக்கு விழாவுல அவரப் பிடிச்சுக்கோங்க."

அன்று மாலையே விழாக் குழுவின் அறிவிப்பு வந்தது. விடுதி வரவேற்பறையில் வெர்லின் உரக்கப் படித்தார்.

"'பூஜ்யத்துக்குக் கீழே ஆறு டிகிரியில் மனிதர் எவரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருப்பது ஆபத்து. ஆகவே விழா மண்டபத்துக்குள் நடைபெறும். திறந்தவெளிச் சீட்டு வைத்திருப்போர் அதை நினைவுப்பொருளாகப் பாதுகாக்கலாம்.'"

"கீழ ஆறா?" என்றார் ஆர்லோ. "அதுக்கெல்லாம் நான் கோட்டு பட்டனே போட மாட்டேனே!"

வெர்லின் சற்று யோசித்தார். "மக்களாட்சிக்குக் குளிரு ஆகாதுப்பா. அது ரொம்ப மென்மையான பொருள்."

மறுநாள் வரலாற்றை விடுதியின் உணவறைத் தொலைக்காட்சியில், வாஃபிள் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் ரஸ்ட்வோல்ட் தெரிந்தார். மண்டபம் புழுக்கமாக இருந்திருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

வெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வரலாறு நமக்கு எவ்வளவு பக்கத்துல!"

"ரெண்டு மைலு," என்றார் ஆர்லோ.

ஊர் திரும்பிய மறுநாள் காலை எட்டு மணிக்கு, ஆர்டிஸோடு உறுப்பினர் கைகுலுக்கும் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வெர்லின் வகுப்புக்கு வந்தார். பத்தொன்பது கோட்டுகளுக்குள்ளிருந்து பத்தொன்பது மூக்குகள் அவரைப் பார்த்தன. ஆர்டிஸ் விழாக் குழுவின் அறிவிப்பைச் சுவரில் ஒட்டியிருந்தாள். பிரிட்டா என்ற சிறுமி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு பக்கத்திலிருந்த வெப்பமானியைப் பார்த்தாள். கையுறையோடு கையைத் தூக்கினாள்.

"டீச்சர், இங்கயும் அதே ஆறுதான். அப்போ நாங்க மனுசங்க இல்லையா?"

வெர்லின் முந்திக்கொண்டார். "ஆவீங்கம்மா, ஆவீங்க. ஓட்டுப் போடுற வயசு வரட்டும்." படத்தை மாட்டிவிட்டுக் கைகளைத் தேய்த்தார். "யப்பா, என்ன குளிரு! நான் கிளம்புறேன். மத்தபடி எல்லாம் பரவாயில்லதானே டீச்சர்?"

"இல்லைங்க," என்றாள் ஆர்டிஸ்.

வெர்லின் அதைக் கேட்க நிற்கவில்லை. ஆர்டிஸ் ஏட்டைத் திறந்து அன்றைய குறிப்பை எழுதினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்து, விண்ணப்பத்தோடு உறையிலிட்டு, உறுப்பினரின் முகவரியை எழுதினாள். அவளுடைய எட்டாவது கடிதம் அது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

'காலை எட்டு மணி. பூஜ்யத்துக்குக் கீழே ஆறு. பிள்ளைகள்: பத்தொன்பது. மனிதர்: ஒருவர். குளிர்கிறது என்று போய்விட்டார்.'