காற்றுத் தோணியா, மடிப்புத் தோணியா?

திருகோணமலை,
09.03.1975

கண்ணியத்துக்குரிய மச்சான் கலீலுர் றஹ்மான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உங்கள் தங்கை மைமூனாவும் சுகம். ஹம்பர்க் குளிரில், கப்பல் வேலையில், நீங்களும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

காற்றடிக்கிற தோணியா, மடிக்கிற தோணியா, எதை அனுப்புவது என்று கேட்டிருந்தீர்கள். என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். கட்டைபறிச்சான் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போக, தினமும் மூதூர் போகிற மோட்டார் லோஞ்சில் விரிகுடாவைக் கடக்க வேண்டும். லோஞ்சுக்கார அலியாரோ தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதையெல்லாம் முடித்த பிறகுதான் கயிற்றை அவிழ்ப்பார். இந்தத் தவணையில் எட்டுத் தடவை பிந்திப் போய்ச் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு தடவை பிந்தினால் காட்டுப் பக்கத்துத் திரியாய்க்கு மாற்றிவிடுவார்களாம். மைமூனாவிடம் சொன்னேன். "நீங்க போங்க, நான் வரமாட்டன்" என்றாள்.

உப்புவெளி விடுதியில் தங்கியிருக்கிற ஒரு வெள்ளைக்காரத் தம்பதியிடம் இரண்டு வகைத் தோணியும் இருப்பதாகக் கேள்விப்பட்டு, நேற்றுச் சனிக்கிழமை மைமூனாவையும் கூட்டிக்கொண்டு போய், ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். துரை சிரித்துக்கொண்டே சம்மதித்தார். முதலில் காற்றுத் தோணி. சுருட்டினால் தலையணை அளவுதான், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று பூரித்துப் போனேன். ஆனால் காற்றடிக்கிற பம்பை நான் மிதித்த மிதிக்கு, கட்டைபறிச்சானுக்கு நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம் மச்சான். தண்ணீரில் இறக்கினால் அது என் சொல் கேட்கவில்லை, காற்றின் சொல்தான் கேட்டது. மூன்று வட்டம் சுற்றிவிட்டு நேரே கரைவலைக்குள் போய்ச் சேர்ந்தது. கரையில் நின்றவர்கள் என்னையும் மீனோடு சேர்த்து இழுத்துப் போட்டார்கள். "சூடை மீன் எண்டு இழுத்தம், மாஸ்டர் வந்திட்டார்!" என்று ஒருவர் கத்த, கடற்கரை முழுக்கச் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து ஒரு கெழுத்தியின் முள் குத்தித் தோணி புஸ்ஸென்று போனது.

அடுத்தது மடிப்புத் தோணி. இரண்டு பை நிறையக் கம்பும் ஒரு கன்வஸ் துணியும். துரையின் மனைவி கம்புகளைப் பொருத்திப் பூட்டித் தர வந்தா. நான் கணித ஆசிரியன், எனக்கு உதவி எதற்கு? நானே பூட்டினேன். முடிவில் ஒரு கம்பு மிச்சம்.

"இது எங்க போறது?" என்று மைமூனா கேட்டாள்.

"அது மேலதிகம்" என்றேன்.

இடுப்பளவு தண்ணீரில் தோணி மடிந்தது, நான் உள்ளே இருக்கும்போதே. தலை கீழே, கால் மேலே. மைமூனா உடுத்த சேலையோடு ஓடிவந்து சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தாள். கடற்கரை முழுக்கச் சிரித்தது, அவள் சிரிக்கவில்லை. "தோணியும் வேணாம் ஒண்டும் வேணாம். நீங்க உசிரோட இருந்தாக் காணும். திரியாய்க்கெண்டாலும் நான் வாறன்" என்று அழுதாள். என் கண்ணும் கலங்கியது. உப்புத்தண்ணி பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஆகவே மச்சான், நன்றாக யோசித்து எழுதுகிறேன். மடிப்புத் தோணியையே அனுப்புங்கள். ஒவ்வொரு கம்புக்கும் இலக்கம் போட்டு அனுப்புங்கள். உங்கள் தங்கைக்கு இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டாம்.

ஆண்டவன் உங்களுக்கு நீண்ட ஆயுளும், கப்பலில் நல்ல சாப்பாடும் தரட்டும்.

இப்படிக்கு,
அன்பு மச்சான்
அபூதாஹிர்

பி.கு. (புதன்கிழமை): கடிதத்தை ஒட்டுவதற்குள் கதை மாறிவிட்டது. நான் சொந்தத் தோணி எடுக்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் பரவி, திங்கட்கிழமை விடியவே அலியார் எங்கள் வாசலில் நின்றார். "மாஸ்டர், லோஞ்சு ரெடி. நீங்க தோணி எடுத்தா மத்த வாத்திமாரும் எடுப்பாங்க, பொறகு நான் ஆரை ஏத்துற?" மூன்று நாளாக நான் ஏறின உடனே லோஞ்சு புறப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் அதிபர் வருவதற்கு முன்னமே போய் நிற்கிறேன். எனவே எந்தத் தோணியும் அனுப்ப வேண்டாம். "தோணி கப்பலில் ஏற்றியாயிற்று" என்று மாதாமாதம் ஒரு தபாலட்டை மட்டும் எழுதிப் போடுங்கள். மூடின கடிதமாக எழுதிவிடாதீர்கள். தபால்காரர் ஜமால்தீன் அலியாரின் மருமகன். அட்டையென்றால் வாசிக்காமல் தரமாட்டார்.