பகதூரின் வயிற்றளவு

"அறுபது," என்றாள் ஜோதியம்மாள், குதிரையின் அந்தப் பக்கத்திலிருந்து.

"சரியா பாரு. போன வெள்ளிக்கிழமை ஐம்பத்தொம்பதுதானே?" என்றார் ராமதாஸ், இந்தப் பக்கத்திலிருந்து.

அந்த நீள டேப் நழுவாமல் அழுத்திப் பிடித்துக்கொள்வது அவர் வேலை. இரண்டு முனைகளையும் சேர்த்து அங்குலத்தைப் படிப்பது மனைவியின் வேலை. அவள் ஜாக்கெட் தைக்கிறவள்.

"டேப்பு பொய் சொல்லுமாங்க?" என்றாள்.

ராமதாஸ் விரல் விட்டு எண்ணினார். குதிரை வந்த அன்று ஐம்பத்தெட்டு. பொங்கலுக்கு இன்னும் பத்து வாரம் இருந்தது. பொங்கலுக்கு ஆதிமூலம் வந்துவிடுவார்.

ஆதிமூலம் ஜோதியம்மாளின் அண்ணன். ராணுவத்தில் பாரம் சுமக்கும் குதிரைகளைப் பராமரிக்கிறவர். இமயமலைப் பக்கம் ஒருமுறை பனியில் சறுக்கிக் கால் முறிந்து கிடந்தபோது, அவரைச் சுமந்து கீழே இறக்கியது இந்த பகதூர்தான். ஸ்பிட்டி ஜாதி மட்டக்குதிரை. குட்டைக் கால், தடித்த எலும்பு, கண்ணை மறைக்கும் பிடரி மயிர். அதற்கு வயதானதும் விலைக்கு வாங்கி, தொண்ணூற்றேழில் ரயிலேற்றி ஊருக்குக் கொண்டுவந்தார். அவருக்கே இன்னும் மூன்று மாத சர்வீஸ் பாக்கி இருந்ததால், திருவண்ணாமலையில் தங்கை வீட்டுத் தோட்டத்தில் கட்டிவிட்டுப் போனார்.

"புல்லு, தண்ணி, நிழல். அவ்ளோதான் மாப்ளே. மலைக்குதிரை கம்மியா தின்னுட்டு ஜாஸ்தி உழைக்கும். உபசாரம் பண்ணினாதான் கெட்டுப்போவும்," என்றவர், கிளம்பும்போது பகதூரின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். "என் உயிரை உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

ராமதாஸுக்கு வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் வேலை. தெருமுனைக் கடைக்கும் ஸ்கூட்டரில் போகிறவர். இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டர் அவருக்கு எழுதித் தந்த சீட்டில் மாத்திரையே இல்லை என்று தெரிந்ததும், மாத்திரை இல்லாத சீட்டு ஒரு சீட்டா என்று படிக்காமலே பஞ்சாங்கத்துக்குள் செருகிவிட்டவர். ஆனால் அடுத்தவர் உயிர் என்றால் வேறு விஷயம்.

அறுபது என்று அளந்த மறுநாளே, இரண்டு தெரு தள்ளி இருந்த ஓய்வுபெற்ற கால்நடை டாக்டர் ஜினசேனனை ஜோதியம்மாள் அழைத்து வந்தாள். அவர் குதிரையைச் சுற்றிப் பார்த்தார். ராமதாஸை ஒருமுறை பார்த்தார்.

"வயிறு ஏறினா இந்த ஜாதிக்குக் குளம்புல நோய் வந்துடும் சார். அப்புறம் நிக்கவே முடியாது," என்று சொல்லி ஒரு சீட்டைக் கொடுத்தார்.

*தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஐந்து மைல் நடை. இனிப்பு, எண்ணெய்ப் பலகாரம், ஊறுகாய் கூடாது. மதியத் தூக்கம் அறவே கூடாது.*

"குதிரைக்கு எதுக்கு டாக்டர் ஊறுகாய்?"

"நீங்க குடுக்கலைன்னாலும் யாராவது குடுத்துடுவாங்க சார். ஊரு அப்படி."

அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை.

"வடை வாசனை வந்தா அது புல்லைத் தொடமாட்டேங்குதுங்க," என்றாள் ஜோதியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை பாயை விரித்தவரிடம், "அது மத்தியானம் தூங்கக் கூடாதாம். நான் மிஷின்ல இருக்கேன். யாரு பாக்கறது?" என்றாள். ராமதாஸ் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போய்க் குதிரைக்கு எதிரே உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி மாலை வரை கொட்டாவி விட்டார்கள்.

நடைக்குக் கிரிவலப் பாதையைத் தேர்ந்தெடுத்தது பெரிய தவறு. முதல் நாளே சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் பகதூருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அன்னதானப் பந்தலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலோடு ஒருவர் ஓடி வந்தார். தடுத்த ராமதாஸை, "வாயில்லா ஜீவனுக்குப் போறதைத் தடுக்கறியே, நீ நல்லா இருப்பியா?" என்று ஓர் அம்மாள் கேட்டாள்.

மறுநாள் ஓர் அட்டையில், 'தயவுசெய்து உணவு எதுவும் கொடுக்காதீர்கள்' என்று எழுதிக் குதிரையின் கழுத்தில் மாட்டினார்.

"விரதம் இருக்கற குதிரைடி," என்று யாரோ சொன்னார்கள். அரை மணி நேரத்தில் குதிரைக்கு முன்னால் ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். ஒருவர் மாலை போட்டார். இன்னொருவர் பகதூரின் நெற்றியில் விபூதி பூசினார். விரதம் முடிந்ததும் கொடுக்கச் சொல்லி ராமதாஸின் கையில் இரண்டு பை நிறையப் பழம் சேர்ந்தது. திண்டிவனத்துக்காரர் ஒருவர் பணிவாகக் கேட்டார்.

"சாமி, எத்தனை நாளா விரதம்?"

"யாருக்கு? குதிரைக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். முகத்தைப் பாத்தாலே தெரியுதே."

அந்த வெள்ளிக்கிழமை அறுபத்தொன்று.

ராமதாஸ் சாலையை விட்டு மலையடிவாரக் கல்பாதைக்கு மாறினார். அங்கே மனிதர்கள் இல்லை. ஆனால் பகதூர் மலையைக் கண்டுகொண்டது. காதை முன்னால் நீட்டி, ஒவ்வொரு கல்லையும் குளம்பால் தட்டிப் பார்த்து, தன் பாட்டுக்கு மேலே ஏறியது. முதல் வாரம் ராமதாஸ் வாலைப் பிடித்துக்கொண்டு ஏறினார். மூன்றாவது வாரம் வாலை விட்டார். மார்கழியில் சில நாள் குதிரைக்கு முன்னால் போய் நின்று, "வாடா பகதூரு, உங்க அய்யா வந்து கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கெஞ்சினார். அது வந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.

அப்படியும் அறுபத்திரண்டு. ஜோதியம்மாள் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, அவருடைய பேண்ட் இடுப்பை மூன்றாவது முறையாகப் பிடித்துத் தைத்தாள்.

"இப்பல்லாம் துணியே தொளதொளன்னுதாங்க வருது," என்றாள்.

பொங்கலுக்கு முதல் நாள் வேனோடு வந்து இறங்கினார் ஆதிமூலம். குதிரையை ஏற்றும் முன் ஒரு தடவை பார்க்க ஜினசேனனும் வந்திருந்தார்.

"மச்சான், மன்னிச்சிடுங்க," என்றார் ராமதாஸ். "என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். நாலு அங்குலம் ஏறிடுச்சு."

ஆதிமூலம் நான்கு குளம்புகளையும் தூக்கிப் பார்த்தார். பிறகு டேப்பை வாங்கித் தானே அளந்தார்.

"ஐம்பத்தெட்டு. இது எப்பவும் பீப்பா வயிறு மாப்ளே. ஏறவும் இல்ல, எறங்கவும் இல்ல. நீங்கதான் பாதி ஆளா எறங்கிட்டீங்க."

ராமதாஸ் மனைவியைப் பார்த்தார். அவள் மிகுந்த கவனத்தோடு டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன சீட்டை எடுத்து ஜினசேனனிடம் நீட்டினார்.

"டாக்டர், இது நீங்க எழுதினதுதானே?"

ஜினசேனன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"கையெழுத்து என்னுதுதான் சார். உங்க பஞ்சாங்கத்துலேருந்து அம்மா ஒரு சீட்டு எடுத்தாந்து குடுத்தாங்க, நான் பேரை மட்டும் பகதூர்னு மாத்தி எழுதினேன்."