கிடங்கில் குடியிருப்பவள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் மறுத்து எழுது. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், அதனால் கடிதம். விடுமுறைக்கு வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன் அறையில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறேன், இடமில்லை.

நம் வீடு இப்போது வீடு இல்லை, கிடங்கு. மாநகராட்சிக்காக நான் வடிவமைத்த நகர வரைபட மென்பொருள் அப்படிச் சொல்கிறது. அதில் ஒவ்வொரு கட்டடமும் ஒரு வகையைச் சேர வேண்டும். உள்ளே குடும்பம் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் கிடங்கு. குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர். விதியை எழுதியவள் நானேதான். அப்போது நீ பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்ததால் தப்பு கண்ணில் படவில்லை. சோதனைக்கு நம் தெருவையே கொடுத்தேன். மற்ற வீடெல்லாம் பிள்ளைகுட்டிகளோடு நிறைந்திருக்கிறது. நாற்பது வயதில் நீ கல்யாணம் கட்டிக்கொண்டு போனாய், ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுத்தார்கள், மறுநாளே குப்பை வண்டி நம் வாசலில் நிற்காமல் போனது. ஓடிப்போய் மறித்தேன். "கிடங்குக் குப்பையெல்லாம் நாங்க எடுக்கறதில்லம்மா" என்றார் ஓட்டுநர். "இது வீடுங்க." "மேப்ல கிடங்குன்னு இருக்கே. மேப் போட்டவங்களப் போய்க் கேளுங்க." மேப் போட்டவள் குப்பைக் கூடையோடு உள்ளே திரும்பினாள். அது முடிவதற்குள் தீயணைப்பு ஆய்வாளர் வந்து, ஹாலைச் சுற்றிப் பார்த்து, "என்ன சரக்கு வெச்சிருக்கீங்க?" என்கிறார். "நான்தான் சார்." "சீக்கிரம் தீப்பிடிக்குமா?" "எங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க." மனுஷன் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். போகும்போது, "கிடங்குல ராத்திரி ஆள் தங்கக் கூடாதும்மா" என்று வேறு சொல்லிட்டுப் போனார். நான் எங்கடி போவேன்?

மேலாளரிடம் சொன்னேன். "ரெண்டை அழிச்சுட்டு ஒண்ணுன்னு போடுங்க மேடம், அவ்வளவுதானே" என்றார். அவ்வளவுதான். இன்றே முடித்துவிடுவேன். ஆகவே நீ பதறிக்கொண்டு கிளம்பாதே.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல். இருவரும் சண்டை குறைந்து, சாப்பாடு குறையாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
அக்கா

பி.கு.: ரெண்டை அழித்தேன். ஒன்று என்று போட விரல் வரவில்லை. மறுபடியும் ரெண்டே போட்டுவிட்டேன். உன் அறையில் கொடியை அவிழ்த்தாயிற்று. எந்த வண்டியில் வருகிறாய்?