விமலநாதனைப் பூட்டிய விமலநாதன்

"அப்பா, மெலனிக்கு உங்கட கிரெடிட்டைப் பார்க்கேலாமல் கிடக்காம். என்ன செய்து வச்சிருக்கிறீங்கள்?"

காலையிலேயே தொலைபேசியில் இப்படிக் கேட்ட மகள் வித்தியா, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஊரில் விவசாயம் படிக்கப் போகிறாள். வளாகத்துக்குப் பக்கத்திலேயே அறையும் பார்த்துவிட்டாள். வீட்டுக்காரி மெலனி, பிணை நிற்கும் தகப்பனின் கடன் வரலாற்றைப் பார்த்துவிட்டுத்தான் திறப்புத் தருவாள். அன்று பின்னேரத்துக்குள் பார்க்க முடியாவிட்டால் அறை வேறு ஆளுக்கு.

விமலநாதனுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவரோடு பள்ளிக்கூட பஸ் ஓட்டும் சவிரிமுத்துவின் பெயரில் யாரோ புதுக் கார் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்றே அவர் தன் கிரெடிட்டைப் பூட்டிவிட்டார். இனி ஒருவரும் அவர் பெயரில் கடன் எடுக்க முடியாது, எட்டிப் பார்க்கவும் முடியாது. இதைக் கலியாண வீடுகளில், கேட்பவரின் ஐஸ்கிறீம் உருகும்வரை விளக்கியிருக்கிறார்.

"பார்த்தீரே, பூட்டு வேலை செய்யுது," என்றார் மனைவியிடம்.

"சந்தோசம். இப்ப திறவுங்கோ," என்றாள் செல்வமலர்.

கணினியில் கடவுச்சொல்லை அடித்தார். பிழை. பெரிய எழுத்தில் அடித்தார். பிழை. பின்னால் பிள்ளையாரைச் சேர்த்து அடித்தார். கணக்கு அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

"நான் போனில கதைக்கட்டே?" என்றாள் செல்வமலர். "பூட்டேக்க குசினியில நிண்டு சத்தம் போட்டுத்தானே எல்லாம் சொன்னனீங்கள்."

"என்ர பெயரில நீர் கதைச்சா அதுக்குப் பெயர்தான் அடையாளத் திருட்டு."

பதற்றத்தோடு கதைத்தால் பிழைத்துவிடும் என்று, ஆறுதலாக ஒரு குளிப்புக் குளித்தார். பிறகு மாடி அறையைப் பூட்டிக்கொண்டு கிரெடிட் கம்பனிக்கு அழைத்தார்.

"உங்கள் முதல் நாயின் பெயர் என்ன?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"நான் நாய் வளர்க்கேல்லையே."

"இங்கே ஒரு பெயர் பதிவாகியிருக்கிறது, ஐயா."

அப்போதுதான் விமலநாதனுக்கு நினைவு வந்தது. உண்மையைக் கள்ளர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, அன்றைக்கு எல்லாக் கேள்விக்கும் பொய்யாகவே பதில் சொல்லியிருந்தார். பொய் சொன்னது நினைவிருந்தது. பொய்தான் நினைவில்லை.

"டைகர்?"

"இல்லை."

"ஜிம்மி?"

"ஐயா, ஊகிக்கக் கூடாது. நீங்கள் திருமணம் செய்த நகரம்?"

"பாரிஸ்," என்றார் மெல்ல. "அல்லது லண்டன்."

தொடர்பு அறுந்தது.

அடுத்த தடவை, தன்னை அடையாளம் காணக் கூடாதென்று குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு அழைத்தார். அதே பெண்தான் எடுத்தாள்.

"பாதுகாப்புக்காக இனி உங்களோடு போனில் எதுவும் செய்ய மாட்டோம். அடையாள அட்டையோடு டவுன்டவுன் அலுவலகத்துக்கு வாருங்கள்."

என்ர பெயரை எனக்கே களவெடுக்கத் தெரியேல்லை என்று தன்னையே நொந்துகொண்டு, விமலநாதன் கீழே இறங்கி வந்தார். செல்வமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"ஒண்டும் கதையாதையும். நான் நேரில போய் முடிச்சுக்கொண்டு வாறன்."

டவுன்டவுனில் காரை விட இடம் தேடி அலைந்து, அலுவலக வரிசையில் வியர்த்துப்போய் நின்றபோது வித்தியா அழைத்தாள்.

"அப்பா, அறை கிடைச்சிட்டுது. மெலனி உங்கட கிரெடிட்டைப் பார்த்திட்டாவாம். நல்லா இருக்காம்."

விமலநாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. முகப்பில் இருந்த அஜந்தா என்ற தமிழ்ப் பிள்ளையிடம் போய், சாரதி அனுமதிப்பத்திரத்தை ஸ்டைலாக நீட்டினார்.

"பிள்ளை, அலுவல் முடிஞ்சுது. ரெண்டுதரம் போன் எடுத்து நான் குடுத்த நெருக்குதலிலதான் உங்கட ஆக்கள் திறந்தவை. கொஞ்சம் அழுத்திக் கதைக்கத் தெரிய வேணும்."

அஜந்தா அட்டையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"அங்கிள், காலமையே விமலநாதன் எண்டு ஒராள் பெம்பிளைக் குரலில கதைச்சு, எல்லாக் கேள்விக்கும் சரியாப் பதில் சொல்லித் திறந்திட்டார், அதுக்குப் பிறகு அவரைப் போல நடிச்சு ரெண்டுதரம் போன் எடுத்த கள்ளனைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறம்."