லண்டனுக்கு ஐம்பத்துநாலு நாள்

1974ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், பருத்தித்துறையில் இருந்த ஓர் அரசாங்கக் கந்தோரில், லண்டனுக்குப் போய்ச்சேர எவ்வளவு காலம் எடுக்கும் என்பது முறைப்படி நிர்ணயிக்கப்பட்டது. நிர்ணயித்தவர் பிரதம லிகிதர் தியாகலிங்கம். அவர் குடாநாட்டு எல்லையான ஆனையிறவுக்கு அப்பால் போனதில்லை.

அவரிடம் லீவு கேட்டுப் போனவர் இராசசிங்கம். அதே கந்தோரில் வள்ள லைசென்ஸ் பார்க்கிறவர். "வாற கிழமை வாரும்" என்பதை மரியாதை குறையாமல் சொல்வதில் அவரை விஞ்ச ஆள் கிடையாது. ஒரே மகள் மியூரியலுக்கு லண்டனில் கலியாணம். இன்னும் இருபது நாள். தேவாலயத்தில் அவளைக் கைபிடித்து அழைத்துப்போகத் தகப்பன் வேண்டும். டிக்கெட் வந்துவிட்டது, புதுக் கோட்டும் தைத்தாயிற்று. லீவு ஒன்றுதான் பாக்கி.

"லண்டன் எத்தினை மைல்?" என்றார் தியாகலிங்கம்.

"ஐயாயிரத்து நானூறு, அண்ணை."

வெள்ளைக்காரன் காலத்துச் சுற்றறிக்கை ஒன்று தூசி தட்டி விரிக்கப்பட்டது. "உத்தியோகத்தர் ஒருவர் நாளொன்றுக்கு நூறு மைல் பிரயாணம் செய்வார் எண்டு போட்டிருக்கு. அப்ப ஐம்பத்துநாலு நாள். நீர் போய்ச் சேரேக்கை கலியாணம் முடிஞ்சிடும். முடிஞ்ச கலியாணத்துக்கு எப்பிடி லீவு தாறது?"

"பிளேனிலை பதினாறு மணித்தியாலம், அண்ணை!"

"இதிலை வண்டில் இருக்கு, றெயின் இருக்கு, கப்பல் இருக்கு. பிளேன் இல்லை."

அந்த நேரம் பார்த்துப் பலாலிப் பிளேன் கந்தோருக்கு மேலால் இரைந்துகொண்டு போனது. இருவரும் முகட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

"உது எனக்குக் கேக்குது. சுற்றறிக்கைக்குக் கேக்கேல்லையே. எழுத்திலை தாரும், கொழும்பிட்டை விளக்கம் கேப்பம்."

இராசசிங்கம் எழுதிக் கொடுத்தார். இருவருடைய மேசைகளுக்கும் இடையே எட்டடி தூரம். கடிதம் பதியப்பட்டு, இலக்கமிடப்பட்டு, ஒப்பம் வைக்கப்பட்டு அந்த எட்டடியைக் கடக்க ஒன்பது நாள் சென்றது. அதன் பிறகே கொழும்புக்குப் புறப்பட்டது. மனைவி ஐரிஸ் அரசாங்க உத்தியோகத்தர் அல்லாதபடியால் பதினாறு மணித்தியாலத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தாள். தைத்த கோட்டு வீணாகக்கூடாதென்று அதையும் கொண்டுபோனாள்.

கலியாணப் படம் ஆகாயத் தபாலில் வந்தது. மியூரியலைக் கைபிடித்து அழைத்துப்போகிறவர் லண்டனில் இருந்த ஐரிஸின் தம்பி நோர்மன். கோட்டு அவருக்கு நல்ல அளவாக இருந்தது.

அடுத்த நாள் கொழும்பின் பதிலும் வந்தது: 'விமானம் ஒரு வாகனமா என்பது பரிசீலனையில் உள்ளது.' இராசசிங்கம் அதை இரண்டுதரம் வாசித்தார்.

அப்போது அவர் மேசைக்கு முன்னால் நின்றவர் வல்வெட்டித்துறை ஏரம்பு. லைசென்சுக்காகத் தை மாதம் தொடக்கம் நடக்கிறவர். யாரிடமாவது கொட்டினால்தான் மனம் ஆறும் என்று இராசசிங்கம் படத்தைக் காட்டி முழுக் கதையையும் சொன்னார். ஏரம்புக்குக் கண் கலங்கிவிட்டது.

"அநியாயம் ஐயா! கடலோடின ஆக்கள் நாங்கள். பிளேன் என்னத்துக்கு, என்ரை வள்ளத்திலையே ஏத்திக்கொண்டுபோய் இறக்கியிருப்பன். லைசென்ஸ் உங்கடை மேசையிலையெல்லோ கிடக்கு."

இராசசிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளின் படத்தை ஏரம்புவின் விண்ணப்பத்துக்கு மேலே பத்திரமாக வைத்தார்.

"ஓம், ஓம். வாற கிழமை வாரும்," என்றார்.