நான் ஊதச் சொன்ன சைரன்

ஊரார் காதில் விழும்படி அம்மாவிடம் திட்டு வாங்குவது பெரிய விஷயமே இல்லை. கோலார் தங்கவயலில் லைன் வீட்டில் பிறந்தவன் எவனும் அதிலிருந்து தப்பியதில்லை. வீட்டுக்கு வீடு ஒரே சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆசீர்வதிப்பார்கள். ஆனால் அரசாங்கப் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, முறைப்படி ஒதுக்கிய அலைவரிசையில், கோலார் வரைக்கும் கேட்கும்படி அம்மாவிடம் திட்டு வாங்கியவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அப்போது எனக்கு முப்பது வயது நிரம்பவில்லை. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய், யாரோ எழுதிய மென்பொருளில் தப்பு கண்டுபிடித்துவிட்டு, இருட்டிய பிறகு திரும்பி வரும் வேலை. (அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவனுக்குத் தன் தப்பு எங்கே கண்ணில் படும்?) பொழுதுபோக்கு, ஹாம் ரேடியோ. ஸ்கெலட்டன் என்ற பகுதியில் எங்கள் வீட்டுக் கூரை மேல் கம்பி கட்டி, முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டு, "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்று சொல்வது. அவர்களும் அதையே திருப்பிச் சொல்வார்கள். இரு தரப்புக்கும் பரம திருப்தி.

"போன் கீதே, அப்புறம் இன்னாத்துக்குடா கூரை மேல கம்பி கட்டிக்கினு கத்தற?" என்று அம்மா கேட்காத நாள் கிடையாது.

அந்த வருஷத்து மழைதான் அவளுக்குப் பதில் சொன்னது. விடாமல் பெய்து கரண்ட் போனது, அடுத்து செல்போன் கோபுரங்கள் செத்தன, கோலாருக்குப் போகும் சாலையில் தண்ணீர் ஏறியது. ஊரில் வாயைத் திறந்து பேச முடிந்தவை எங்கள் ரேடியோக்கள் மட்டும்தான். எல்லோரும் கவலையில் இருந்தபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு குஷி. இன்று நினைத்தால் கூசுகிறது.

அவசரக் காலத்தில் பல ரேடியோக்காரர்கள் ஒரே அலைவரிசையில் இருப்பார்கள், அதுதான் 'நெட்'. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் ஒருவர் பேச்சும் விளங்காது. அதனால் ஒருவரை 'நெட் கன்ட்ரோல்' ஆக்குவார்கள். சந்தியில் நிற்கும் டிராஃபிக் போலீஸ் மாதிரி. அவர் சொன்னால்தான் மற்றவர் பேசலாம், அவர் நிறுத்தென்றால் நிறுத்த வேண்டும். அன்றைய நெட் கன்ட்ரோல் அடியேன். சாம்பியன் ரீப்ஸில் மேட்டுமேல் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில், தலைமை ஆசிரியர் மேஜைமேல் கார் பேட்டரியும் ரேடியோவும். பக்கத்து நாற்காலியில் நனைந்த ரெயின்கோட்டோடு வருவாய்த்துறை அதிகாரி ஒருவர். காலையிலேயே எல்லோருக்கும் சட்டம் போட்டுவிட்டேன்: "நெட்டில் சொந்த விஷயம் பேசக் கூடாது. யாராக இருந்தாலும். ஓவர்."

எனக்குக் கீழே இரண்டு பேர் முக்கியம். ஒருவர் ரோஸி அக்கா, ஓய்வுபெற்ற நர்ஸ். மேட்டில் மூடிக்கிடந்த பழைய சுரங்க ஆஸ்பத்திரியைத் திறந்து நிவாரண முகாம் ஆக்கியிருந்தார்கள். அங்கே ரேடியோ அவர் பொறுப்பு. இன்னொருவன் மஞ்சுநாத், எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் கன்னடக்காரன், யாரையும் 'குரு' என்றே கூப்பிடும் என் நண்பன். அவனைச் சயனைடு மலை அடிவாரத்தில் வாக்கி-டாக்கியோடு நிறுத்தியிருந்தேன். மலை என்றால் நிஜ மலை இல்லை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணை நூறு வருஷமாகக் கொட்டிக் கொட்டி எழுந்த குன்று. மழை ஊறினால் அது சேறாக இறங்கும். அதைத் தடுக்க ஒரு மண்கரை. கரைக்கு நேர் கீழே பழைய ஷாஃப்ட், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழி. அதை ஒட்டிக் கீழ் லைன் வீடுகள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மஞ்சுநாத் கூப்பிட்டான். "குரு, கரையில பெரிய வெடிப்பு. உடைஞ்சா கீழ் லைன் முழுக்க சேறுதான். ஓவர்."

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கீழ் லைன் ஜனங்களை உடனே ஆஸ்பத்திரி மேட்டுக்கு அனுப்ப வேண்டும். எப்படிச் சொல்வது? மைக் கட்டிய ஆட்டோ தண்ணீர் குடித்து வழியில் நின்றிருந்தது. வீடு வீடாகத் தட்ட நேரமில்லை. அப்போது எனக்குள் இருந்த மேதை விழித்துக்கொண்டான்.

"சார், இந்த ஸ்கூல் ஸ்டோர் ரூமில் கையால் சுற்றும் சைரன் ஒன்று இருக்கிறது. ஊதினால் எல்லோரும் வெளியே வருவார்கள். மஞ்சுநாத் அவர்களை மேலே அனுப்பிவிடுவான்."

"பிரமாதம்" என்றார் அதிகாரி.

டிரில் மாஸ்டர் வராந்தாவில் வைத்துச் சுற்றினார். முனகலாகக் கிளம்பிய சத்தம் ஏறி ஏறி மழையையே அமுக்கிவிட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஏன் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மஞ்சுநாத், "பிரேக், பிரேக்!" என்றான். அவசரமாகக் குறுக்கிடுகிறேன் என்று அர்த்தம். ஆனால் ரோஸி அக்கா அப்போதுதான் முகாமுக்குத் தேவையானதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பன், போர்வை, கொசுவத்தி. ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா?

"மஞ்சுநாத், காத்திருக்கவும். ரோஸி அக்கா, கொசுவத்திக்கு அப்புறம்? ஓவர்."

கொசுவத்திக்கு அப்புறம் மெழுகுவத்தி. அதற்கப்புறம் பால் பவுடர். எல்லாம் முடிந்த பிறகு மஞ்சுநாத்துக்கு அனுமதி கொடுத்தேன்.

"குரு, ஜனம் வர்றாங்க."

"நல்லது. எத்தனை பேர் மேலே போயிருக்கிறார்கள்? ஓவர்."

"யாரும் மேல போகலை. மேல இருந்து கீழ வர்றாங்க! ஸ்கெலட்டன்ல இருந்து, எல்லா லைன்ல இருந்தும். கீழ் லைன் ஆளுங்களும் இங்கதான். எல்லாரும் ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடி வர்றாங்க. எனக்கு ஒண்ணும் புரியலை. ஓவர்."

அவனுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

சுரங்கம் நடந்த காலத்தில் ஷிப்ட் மாறும் நேரத்தில் சைரன் ஊதும். அதுதான் ஊருக்குக் கடிகாரம். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால் அர்த்தம் ஒன்றே ஒன்று. பூமிக்கடியில் பாறை வெடித்திருக்கிறது, யாரோ மாட்டியிருக்கிறார்கள். உடனே அடுப்பில் கொதிப்பதை அப்படியே விட்டுவிட்டு வீட்டுப் பெண்கள் ஷாஃப்டுக்கு ஓடுவார்கள். ஆள் ஏற்றும் கூண்டு மேலே வந்து, பெயர் சொல்லும்வரை அங்கேயே நிற்பார்கள். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கால்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. நானே அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து அந்தக் கேட்டுக்குப் போனவன். கீழ் லைனைக் காலி செய்ய ஊதிய சைரன், பத்திரமாக இருந்த மற்ற லைன்களையும் சேர்த்துக் கரைக்கு அடியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

"நீங்க இந்த ஊர்தானே?" என்று அதிகாரி மெதுவாகக் கேட்டார். நான் ரேடியோவின் குமிழைத் திருகுவது போல நடித்தேன்.

"சுரங்கம் மூடியிருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை, எல்லோரும் ஆஸ்பத்திரி மேட்டுக்குப் போங்கள் என்று சொல். ஓவர்."

மஞ்சுநாத் பொத்தானை அழுத்தியபடியே சொன்னான் போல. கூட்டத்தின் குரல்கள் அப்படியே எங்கள் அறைக்குள் வந்தன.

"ஒன்னியும் ஆவலன்னுதான் எப்பவும் மொதல்ல சொல்வானுங்க!"

"சொரங்கத்துல எந்த லெவல்ல? அத்த சொல்லு நீ!"

"யாருக்கு அடிபட்டுச்சி? பேரு சொல்லுங்க!"

மறுபடி மஞ்சுநாத். "குரு, கரையில தண்ணி ஒழுக ஆரம்பிச்சாச்சு. இங்க கணுக்கால் வரைக்கும் சேறு. இவங்க நகர மாட்டேங்கறாங்க. ஓவர்."

இத்தனை ஜனத்தையும் நான்தான் அங்கே கூப்பிட்டேன். கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் காலத்தில் கேட்டிலிருந்து கூட்டம் எப்போது நகரும்? அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் நகரும். மொத்தக் கூட்டமும் பின்னாலேயே ஓடும். ஆஸ்பத்திரி மேட்டில்தானே இருக்கிறது!

"அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாச்சு என்று சொல். ஓவர்."

"சொன்னேன். பேரு கேக்கறாங்க. பேரு சொல்லாம நகர மாட்டாங்க. ஏதாவது ஒரு பேரு குடு குரு, சீக்கிரம்! ஓவர்."

ஏதாவது ஒரு பெயர். சொல்வது சுலபம். முருகன் என்றால் அந்தக் கூட்டத்தில் பத்து முருகன்களின் அம்மாக்கள் இருப்பார்கள். செல்வம், அந்தோணி, மணி, டேவிட், எந்தப் பெயரை எடுத்தாலும் அங்கே யாரோ ஒருத்தி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவாள். யாருக்கும் வலிக்காத பெயர் எங்கள் ஊரில் கிடையாது. எனக்கு உரிமையுள்ள பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, என்னுடையது. அம்மாவுக்கோ மூட்டு வலி. ஒரு வருஷமாகக் கைத்தடி இல்லாமல் வாசல் தாண்டியதில்லை. எங்கள் ஸ்கெலட்டன் வீடு மேடான இடம். காலையில் நகரக் கூடாதென்று சத்தியம் வாங்கிவிட்டுத்தான் வந்திருந்தேன். அந்தத் தைரியத்தில் சொன்னேன்.

"சகாயராஜ், ஸ்கெலட்டன். அப்படியே சொல். ஓவர்."

பிறகு மஞ்சுநாத் ரேடியோவில் வந்தான்.

"சொல்லிட்டேன் குரு. ஜனம் கிளம்பிடுச்சு. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்க." கொஞ்சம் தயங்கினான். "முன்னாடி ஓடறது உங்க அம்மா. ஓவர்."

"எங்கம்மாவா? அவங்களால் தடி இல்லாமல் நடக்கவே முடியாதே! ஓவர்."

"தடி இங்க கேட்டாண்ட கிடக்குது. ஓவர்."

பொய் என்று சொல்லிவிடலாமா என்று மைக்கை எடுத்தேன். சொன்னால் கூட்டம் நின்றுவிடும், திரும்பியும் வரும். மைக்கை வைத்தேன். மறுபடி எடுத்தேன். நெட் கன்ட்ரோல் இடத்தை விட்டு எழுந்து ஓடவும் முடியாது, மாற்ற ஆளில்லை. மஞ்சுநாத்தும் மேடேறினான். அவன் ஏறி முடித்த கையோடு கரை உடைந்தது. ஷாஃப்ட் கேட்டைப் பாதி மூடும் அளவுக்குச் சேறு. கீழ் லைன் வீடுகளில் ஜன்னல் வரைக்கும். அங்கே ஒரு உயிர்கூட இல்லை.

அதிகாரி என் முதுகில் தட்டி, "பெரிய காரியம் பண்ணிட்டீங்க" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. ரோஸி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவசரம். எங்கம்மா அங்கே ஓடி வருகிறார்கள். நான் நல்லா இருக்கேன்னு சொல்லிடுங்க. ஓவர்."

"நெட்டுல சொந்த விஷயம் பேசக் கூடாதுன்னு ஒருத்தர் சொன்னாரே, தம்பி. யாராயிருந்தாலும்னு வேற சொன்னாரு. ஓவர்."

"அக்கா!"

"சும்மா சொன்னேன். இதோ வந்துட்டாங்க, இரு. நீயே பேசு."

அம்மாவின் கையில் ரேடியோ வந்தது. பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். அம்மா அழுத்தினாள். விடவில்லை.

"டேய் சகாயம்! கீறியாடா? பேசுடா... இன்னாடா பேச மாட்டேங்கற? ஐயோ, பேச மாட்டேங்கறானே!"

"இருக்கேம்மா, இருக்கேன்!" என்று நான் மைக்கில் கத்துகிறேன். அவள் விரலை எடுத்தால்தானே கேட்கும்? என் மௌனமே அவளுக்குச் சாட்சியாகிக்கொண்டிருந்தது. அவள் அழுகையைக் கோலாரிலிருந்து மஞ்சுநாத் வரை எல்லோரும் கேட்டார்கள். எல்லோருக்கும் நான் உயிரோடு இருப்பது தெரியும், அவளைத் தவிர. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை. அவன் உயிரோடுதான் இருக்கிறான், பெயரைச் சொல்லச் சொன்னதே அவன்தான் என்று சொல்லிச் சொல்லி அலுத்த ரோஸி அக்கா, கடைசியில் அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பிரித்தெடுத்தார்.

"அம்மா, நான் நல்லா கீறேம்மா. ஸ்கூல்ல உக்காந்துகினு கீறேன். ஒன்னியும் ஆவல. ஓவர்."

பிறகு பொத்தான் அழுந்தும் சத்தம்.

"ஒங்க நைனாவுக்காக எத்தினி தடவ அந்த கேட்டுக்கு ஓடியிருப்பேன். ஒவ்வொரு தடவயும் வேற யாரு பேரோதான் சொல்வானுங்க. அழுதுக்கினே ஸ்தோத்திரம் சொல்லிக்கினு வூட்டுக்கு வருவேன். இன்னிக்குத்தான்டா நம்ம வூட்டுப் பேரு சொன்னானுங்க. அதையும் நீயே சொல்லச் சொன்னியாமே, படுபாவி!"

அதற்கப்புறம் வந்ததை அச்சிட முடியாது. ஐந்தாம் வகுப்பு வரை நான் பாயை நனைத்தது உட்பட என் சரித்திரம் முழுவதும் அலைவரிசையில் ஏறியது. அதிகாரி விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடைவெளி கிடைத்ததும் கோலார் நிலையத்துக்காரர் மிகுந்த மரியாதையோடு குறுக்கிட்டார். "நெட் கன்ட்ரோல், இப்போது பேசிய நிலையத்தின் அழைப்புக்குறி என்ன? ஓவர்."

உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாளம் அது, சொல்லாமல் பேசக் கூடாது; விதிப்படி கேட்டார். தப்பே இல்லை.

ஒரு வாரத்துக்கு ஊர்க்காரர்கள் பிரெட்டும் வாழைப்பழமுமாக என்னைப் பார்க்க வந்தார்கள். இன்றைக்கும் ரயிலில், "இன்னா சகாயம், ஒடம்பு தேவலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார இடம் கொடுப்பார்கள். அம்மாவின் மூட்டு வலி மறுநாளே திரும்பி வந்துவிட்டது. இப்போது அதை யாரும் நம்புவதில்லை. அதற்கும் என்னைத்தான் திட்டுகிறாள்.

சயனைடு மலைக்கு மேல் வானம் கறுத்தால் நான் ரேடியோவைப் பையில் எடுத்து வைப்பேன். அம்மா கதவோரம் நின்று தவறாமல் ஒரே வார்த்தைதான் சொல்வாள்.

"இந்தத் தடவ எம் பேரச் சொல்லு. நீ எவ்ளோ வேகமா ஓடியாரேன்னு பாக்கறேன்."

பிறகு வந்து சேர்ந்த என் மனைவி சிரிப்பாள், நானும் சிரிப்பேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போவேன். அங்கே ஒரு தடவை அம்மா நிற்கும் கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மேலே நடப்பேன்.